ரங்கூன் பார்க்காத ரங்கூன்காரன்

ராயபுரத்தில் பனைமரத்தொட்டிப் பக்கம் வந்து கலீலுல்லா வீடு எது என்று கேட்டால் எதிரில் நிற்பவர் முழிப்பார். ரங்கூன் கலீல் வீடு என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்து அழைத்துப் போய் வாசலில் விட்டுவிட்டு வருவார். பி.ஏ. படித்தவன், கப்பல் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தா, வெள்ளைச் சட்டை, மழை இல்லாத நாளிலும் கையில் குடை. இந்த ரங்கூன் கலீல் எண்ணூரைத் தாண்டி வடக்கே ஓர் அடிகூட எடுத்து வைத்ததில்லை. கப்பலைத் துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். ஏறினால் குமட்டும் என்று அவனுக்கு ஒரு பயம்.

அப்புறம் ரங்கூன் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? ஒரு வரிசையில் நின்றதால் வந்தது.

நாற்பத்திரண்டு ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னைப் பட்டணமே மூட்டை கட்டியது. பணம் இருந்தவன் பெங்களூருக்குப் போனான், ஊர் இருந்தவன் ஊருக்குப் போனான். கலீலுல்லாவின் அத்தா பஷீருக்குப் பணமும் இல்லை, ஊரும் இல்லை. பிறந்தது புளியந்தோப்பு, குடியிருப்பது ராயபுரம், வேலை துறைமுகத்தில் மூட்டை இறக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி. அவருக்குத் தெரிந்த ஒரே வெளியூர் எண்ணூர்தான், அங்கேதான் அக்கா அஜீசுன்னிசாவைக் கட்டிக் கொடுத்திருந்தது. மனைவி பதுருன்னிசாவையும் எட்டு வயசுக் கலீலுல்லாவையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார். கடல் வழியாக வரும் எதிரிக்குப் பயந்து கடற்கரையிலிருந்து கடற்கரைக்கே ஓடிய குடும்பம் பட்டணத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். கேட்டால், "அந்தக் கடல் வேற, இந்தக் கடல் வேற" என்பார் பஷீர். எதிர்த்துப் பேச அக்காவுக்கே தைரியம் வரவில்லை.

குண்டும் விழவில்லை, ஜப்பான்காரனும் வரவில்லை. மூன்று மாதம் தம்பியின் குடும்பத்துக்குச் சோறு போட்ட அக்காவுக்குத்தான் பொறுமை போயிற்று. ஜூலையில் ராயபுரம் ஸ்டேஷனில் திரும்ப வந்து இறங்கியபோது, பக்கத்துக் கொட்டகை ஒன்றின் முன்னால் நீளமாக வரிசை நின்றது.

யுத்த காலத்தில் ராயபுரத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் படிந்திருந்தது. வரிசையைக் கண்டால் முதலில் நின்றுவிடுவார்கள், எதற்கென்று பிறகு கேட்டுக்கொள்வார்கள். அரிசியோ, சீமை எண்ணெயோ, எதுவாக இருந்தாலும் கேட்டுவிட்டு நிற்கப் போனால் அதற்குள் ஐம்பது பேர் முன்னால் புகுந்திருப்பார்கள். பஷீரும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றார். அது பர்மாவிலிருந்து நடந்தே தப்பி வந்த அகதிகளுக்கான வரிசை. மேஜையில் இருந்த குமாஸ்தா காலையிலிருந்து நாற்பது பேருக்கு 'ரங்கூன்' என்று எழுதியிருந்தார். நாற்பத்தொன்றாவது ஆளாக, டிரங்குப் பெட்டியும் பாயுமாக, வெயிலில் கறுத்துப்போன ஒரு குடும்பம் வந்து நின்றால் அவரும்தான் வேறு என்ன எழுதுவார்? பெயரை மட்டும் கேட்டு, ஓர் அகதி அட்டையில் ரங்கூன் என்று எழுதி, முத்திரை குத்தி, ஒரு கம்பளியும் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து பக்கத்துப் போர்ஷன்காரர் படித்துச் சொன்ன பிறகுதான் தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று பஷீருக்கே தெரிந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள் பதுருன்னிசா.

"திருப்பிக் குட்த்தா ஏன் வாங்கினேன்னு கேப்பான். அதுக்குப் பதில் கீதா உன்கிட்ட?" என்றார் பஷீர். அட்டை டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

அதே வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நின்றவள் கெங்கம்மா. அவள் நிஜமாகவே ரங்கூனிலிருந்து வந்தவள். இடுப்பில் ஐந்து வயசு மகன் வரதன் காய்ச்சலில் துவண்டு கிடந்தான். அவளுக்குப் போக்கிடம் இல்லை என்று தெரிந்ததும், தான் கம்பளி வாங்கிய குற்றத்துக்குப் பரிகாரம்போல, பதுருன்னிசா தங்கள் சந்திலேயே ஓர் அறை பார்த்துக் கொடுத்தாள். கெங்கம்மா துறைமுகக் கிடங்குகளில் சிந்திக் கிடக்கும் தானியத்தைக் கூட்டி, புடைத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் இருக்கும். புருஷன் எங்கே என்று யாராவது கேட்டால், "ரங்கூன்ல அரிசி மில்லுல கீறாரு. கப்பல் வுட்டா வந்துடுவாரு" என்பாள். வரதனுக்கும் அதையேதான் சொல்லி வைத்திருந்தாள். யுத்தம் முடிந்தது, கப்பலும் விட்டார்கள், வெள்ளைக்காரனே கப்பலேறிப் போய்விட்டான். அதற்குப் பிறகு கேட்டவர்களே கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் வருஷத்தில் ஒரு நாள், மாசி மாதத்தில், கெங்கம்மா அடுப்பு மூட்ட மாட்டாள். அன்றைக்கு மத்தியானம் வந்து, பீடி சுற்றிக்கொண்டிருக்கும் பதுருன்னிசாவின் எதிரில் சுவரோரமாக உட்கார்ந்து, வந்த வழியை முதலிலிருந்து கடைசி வரை சொல்வாள். அழ மாட்டாள். ஒவ்வொரு வருஷமும் அதே கதை, வார்த்தைகூட மாறாது. சொல்லி முடித்து ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவாள். இருக்கிறாரா செத்தாரா என்று தெரியாத மனிதருக்குத் திவசம் எப்படிக் கொடுப்பது? அவளுக்குத் தெரிந்த திவசம் அதுதான். சாக்குப் படுதாவுக்கு இந்தப் பக்கம் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கலீலுல்லாவுக்கு அந்தக் கதை வாய்ப்பாடுபோல மனப்பாடம் ஆகிவிட்டது.

"காதுல வுழுந்தது காதோட இருக்கணும். அந்தப் புள்ளைக்குத் தெரியக் கூடாது" என்று பதுருன்னிசா அவன் காதைத் திருகியே சொல்லியிருந்தாள். பெற்ற மகனுக்குத் தெரியாத கதை இப்படிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அட்சரசுத்தமாகத் தெரிந்திருந்தது.

அகதி அட்டை உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சம்பளம் கட்ட வேண்டாம் என்று சர்க்கார் சொன்னதும் டிரங்குப் பெட்டி திறந்தது. அந்தச் சலுகையில்தான் கலீலுல்லா பள்ளிக்கூடம் முடித்தான், அந்தச் சலுகையில்தான் கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தான். துறைமுக மேஸ்திரியின் மகன் சம்பளம் கட்டிப் பி.ஏ. படிப்பதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை.

கல்லூரியில் பெயரைக் கேட்டதும் அடுத்துக் கேட்பது சொந்த ஊரை. ஒருவனின் பாட்டன் நவாபின் குதிரைப்படையோடு வந்தவன். இன்னொருவனின் முன்னோர் அரபு நாட்டிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்தவர்கள், கப்பல் சொந்தக் கப்பல் என்றுகூடச் சொல்வான். தாமிரபரணிக்காரன் ஒருவன் ஆற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றி அரைமணி நேரம் பேசுவான். கலீலுல்லா முதல் நாள் ராயபுரம் என்றான்.

"அது சரிப்பா, அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி புளியந்தோப்பு."

சிரித்தார்கள். மூன்று மைல் இடம்பெயர்ந்ததை ஒரு குடும்ப வரலாறு என்று எவன் மதிப்பான்? போதாததற்கு, அவன் வாயைத் திறந்தால் 'இன்னா' வந்தது, 'கீது' வந்தது, அதற்கும் சிரித்தார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தான். அடுத்த வாரம் அவன் ரங்கூன்காரன் ஆனான். சர்க்கார் முத்திரையே இருக்கும்போது இவனுக்கு மட்டும் என்ன கூச்சம்? மர வாடியில் வேலை பார்த்த பர்மாக்காரர்களிடம் தெருப் பெயர்களைக் கேட்டுக்கொண்டான், நாலு பர்மியச் சொல் கற்றுக்கொண்டான். தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் 'எங்கள் குடும்பம் வந்த வழி' என்று பேசி, இரண்டு நிமிஷம் கைதட்டல் வாங்கினான். அதற்குப் பிறகு 'இன்னா' என்றாலும், "பாவம், பர்மாவில் வளர்ந்தவன், தமிழ் அப்படித்தான் வரும்" என்று சொல்லிப் பொறுத்துக்கொண்டார்கள்.

ஒன்றை மட்டும் அவன் செய்யவில்லை. பகோடா, ஆறு, குண்டுச் சத்தம் எல்லாவற்றையும் தனதாக்கிக்கொண்டானே தவிர, கெங்கம்மாவின் மாசி மாதக் கதையிலிருந்து ஒரு சொல்லைக்கூட எடுக்கவில்லை. அந்த மட்டுக்கு அவனுக்கு மனசாட்சி இருந்தது. அது விலை போக இன்னும் கொஞ்ச நாள் பாக்கி.

இரண்டு வருஷம் கழித்து தன் அம்மாவின் அகதி அட்டையைக் காட்டி வரதனும் அதே கல்லூரியில் இண்டர்மீடியட் சேர்ந்தான். ரங்கூனில் பிறந்த அவனிடம் ஊர் கேட்டால் ராயபுரம் என்பான். சிரித்தால், "இன்னாடா சிரிப்பு? ராயபுரம்தான். வேணும்னா வந்து பாரு" என்பான். வகுப்பு முடிந்ததும் துறைமுகத்துக்கு ஓடி, இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடும் தற்காலிக வேலை பார்ப்பான். கலீலுல்லாவின் தமிழ்ச் சங்கப் பேச்சைக் கேட்க அவனுக்கு நேரம் ஏது?

ஐம்பத்து மூன்றில் கல்லூரிப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பர்மா அகதி என்று பொய் சொல்லிச் சலுகை பெறுபவர்கள் நிறையப் பேர் இருப்பதாகச் சர்க்காருக்குத் தெரிய வந்திருக்கிறது. அதிகாரி ஒருவர் நேரில் வந்து விசாரிப்பார். அகதிதான் என்று அவருக்குத் திருப்தி ஏற்படாதவர்களின் சலுகை அன்றோடு ரத்து. கலீலுல்லா விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பி.ஏ. கடைசி வருஷம், இன்னும் ஏழு மாதம்தான். ரத்தானால் அடுத்த நாளே அத்தாவோடு மூட்டைக்குப் போக வேண்டியதுதான்.

பஷீர் அவனை உட்கார வைத்துத் தயார்செய்தார். "பர்மாவுல இன்னா துன்னுவாங்கன்னு கேட்டா?"

"அரிசிச் சோறுதான் அத்தா. அங்க ரொம்ப வெளையும்."

பஷீர் யோசித்தார். "அவ்ளோ அரிசி கீற ஊர வுட்டுட்டு இங்க எதுக்குடா வந்தோம்?" என்றார் உண்மையான கவலையோடு. அட்டையைப் பத்து வருஷம் வைத்திருந்ததில் அவருக்கே பாதி நம்பிக்கை வந்திருந்தது.

வரதன் தயார்செய்துகொள்ளவில்லை. "எனக்கு இன்னா பயம்? நான் நெஜமாவே அங்க பொறந்தவன்தானே" என்றான். நிஜமான ஆள் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சனிக்கிழமை, பிரின்ஸ்பால் அறைக்கு அடுத்த அறையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். தங்கச் சட்டமிட்ட கண்ணாடி, கையில் டைப் அடித்த கேள்வித்தாள். அவரும் ரங்கூனைப் பார்த்ததில்லை, தாளைப் பார்த்துத்தான் கேட்டார். ஆக, ரங்கூன் பார்க்காத ஒருவர் ரங்கூன் பார்க்காத இன்னொருவனைச் சோதித்தார். நேரம் மிச்சமாகட்டும் என்று அடுத்துக் கூப்பிட வேண்டிய ஆளை அறைக்குள்ளேயே சுவரோரப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கலீலுல்லாவுக்கு அடுத்த பெயர் வரதனுடையது.

தெருப் பெயர், சந்தை, பகோடா, புரோம் வரைக்கும் ரயில், அங்கிருந்து மலைக் கணவாய் வழியாக நடை. கலீலுல்லா எதிலும் தடுமாறவில்லை. அதிகாரி பேனாவை மூடினார்.

"தம்பி, இதெல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள். பத்திரிகையில் வந்ததுதான். உன் குடும்பத்துக்கு மட்டும் நடந்தது ஏதாவது இருந்தால் சொல். இல்லையென்றால் என்னால் கையெழுத்துப் போட முடியாது."

உன் குடும்பத்துக்கு மட்டும் நடந்தது என்றால் எண்ணூரில் அத்தாவின் அக்கா சோறு போட அலுத்துக்கொண்டது ஒன்றுதான் உண்டு. ஏழு மாதம், ஏழே மாதம் என்று மனசு அடித்துக்கொண்டது. பின்னால் வரதன் இருக்கிறான் என்று தெரியும். ஆனால் அவனுக்குத்தான் தெரியாத கதை ஆயிற்றே, கேட்டால்தான் என்ன என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆரம்பித்துவிட்டான்.

"எங்க சின்னத்தா, அத்தாவோட தம்பி, எங்களோட வந்தார் சார். தன் குழந்தையைப் பதினோரு நாள் தோளில் தூக்கிக்கிட்டு நடந்தவர். எங்ககிட்ட ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது, மூடியில் மயில் படம் போட்டது. குடிக்கத் தண்ணீர் அதில்தான். கணவாய் உச்சியில் சின்னத்தாவுக்குக் காலரா கண்டது. கூட்டம் நிற்காது சார், நின்றால் பின்னால் வருகிறவன் மிதித்துக்கொண்டு போவான். மூங்கில் புதரோரம் அவரைக் கிடத்தினோம்."

இந்த இடத்தில் கெங்கம்மா சொல்வது வேறு. அந்த மனிதர் உயிரோடு இருந்தார். "போ, பையனக் காப்பாத்து" என்று சொல்லிவிட்டு, அவள் போவதைப் பார்க்காமலிருக்க முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதைச் சொல்ல வரும்போது கலீலுல்லாவின் நாக்கு புரளவில்லை. திருடனுக்கும் கை கூசுகிற இடம் ஒன்று இருக்கும்போலிருக்கிறது.

"விடியறதுக்குள்ள உயிர் போய்விட்டது சார். டப்பா நிறையத் தண்ணீர் பிடித்து அவர் கையருகில் வைத்துவிட்டு நடந்தோம்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேஷ்டித் தலைப்பால் மூக்கையும் துடைத்துக்கொண்டார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்து, வேலப்பன் மகன் வரதன்."

ரங்கூனில் எந்தத் தெரு என்று கேட்டார். தெரியாது என்றான். எந்த வழியாக நடந்தீர்கள் என்று கேட்டார். காய்ச்சலில் இருந்தேன், தெரியாது என்றான். அப்பா? அங்கேதான் இருக்கிறார். கடிதம் வருமா? வராது. அதிகாரியின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "ஐந்து வயசுப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்றாவது ஞாபகம் இருக்காதா?"

வரதனின் முகம் வெளுத்திருந்தது. "ஒரு டப்பா ஞாபகம் கீது சார்" என்றான் மெதுவாக. "மயிலு படம் போட்டது. அதுல தண்ணி குடிச்சேன். வேற எதுவும் இல்ல."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். இதிலுமா தம்பி?" வரதன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். அவன் வாழ்க்கையில் ஞாபகம் இருந்த ஒரே நிஜத்தைச் சொன்னதற்குக் கிடைத்த பலன் அந்தக் கோடு.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கலீலுல்லா அங்கிருந்து நகரவில்லை. அதிகாரி மாலையில் காரில் ஏறும்வரை காத்திருந்து கதவைப் பிடித்துக்கொண்டான். "சார், நான் ரங்கூனுக்குப் போனதே இல்லை. பக்கத்தில் எண்ணூருக்குத்தான் போயிருந்தோம். அந்த டப்பா அவனுடையது. நான் சொன்ன சின்னத்தா அவனுடைய அப்பா."

"அவன் அப்பா உயிரோடு இருப்பதாக அவனே சொன்னானே! பொய் சொல்வதென்றால் இரண்டு பேரும் முதலிலேயே கூடிப் பேசியிருக்க வேண்டாமா?" அதிகாரி அவன் தோளைத் தட்டினார். "சிநேகிதனுக்காக உன் சலுகையையே விடத் துணிந்தாயே, பெரிய மனசு. கஷ்டப்பட்டு வந்தவனுக்குத்தான் இந்தக் குணம் வரும். ஆனால் சர்க்காரிடம் பொய் சொல்லக் கூடாது, தெரிந்ததா?"

வாழ்நாளில் ரங்கூனைப் பற்றி அவன் சொன்ன ஒரே உண்மையை அவர் நம்பவில்லை. கையெழுத்துப் போட்ட தாளைத் திரும்ப எடுத்தால் அவர் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும், அந்தக் கஷ்டமும் அவருக்கு இருந்திருக்கும். கார் போய்விட்டது.

ரயிலில் வரதன் எதிர்ப் பலகையில் உட்கார்ந்து வந்தான். ராயபுரத்தில் இறங்கிய பிறகுதான் பேசினான்.

"அந்த டப்பாவப் பத்தி நா யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்கம்மாகிட்டகூட. உனக்கு எப்படிடா தெரியும்?"

கலீலுல்லா தரையைப் பார்த்தான். "உங்கம்மா எங்கம்மாகிட்ட சொல்லுவாங்க."

"அப்போ அந்த சின்னத்தா?"

கலீலுல்லா அவன் தோளில் கை வைக்கப் போனான். அதுவே பதிலாயிற்று. வரதன் வீட்டுப் பக்கம் போகாமல் துறைமுகத்தை நோக்கி நடந்தான்.

அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். வரதனின் படிப்பு அந்த மாதத்தோடு நின்றது. மூட்டைக்குக் கோடு போடும் வேலையே அவனுக்கு நிலையான வேலையாயிற்று. தானும் நின்றுவிடுகிறேன் என்று கலீலுல்லா குதித்தான். "நீ நின்னா அவன் சேந்துடுவானா? நெஜத்த சொல்லியும் நம்பலன்னா அப்பறம் அது அல்லா போட்ட கையெழுத்து" என்று பஷீர் அடக்கிவிட்டார். ஏழு மாதத்தில் பி.ஏ. வந்தது. தெருவே ரங்கூன் கலீல் என்று மாலை போட்டது. வாங்கிக்கொண்டான், வேறு என்ன செய்வான்? இல்லை இல்லை என்று அவன் மறுக்க மறுக்க, "பட்ட கஷ்டத்த பேச மாட்டாம்பா, தங்கமான புள்ள" என்று பெயர் இன்னும் உறுதியாக ஒட்டியது.

ஆனால் அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த நாள் காலையில் நடந்தது தெருவுக்குத் தெரியாது.

கெங்கம்மா அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். விஷயத்தைக் கெங்கம்மாவிடம் போய்ச் சொல்வதற்கு முன் பதுருன்னிசா ராத்திரியே மகன் கன்னத்தில் வைத்த ஐந்து விரலும் இன்னும் தெரிந்தது. அடிக்க வந்திருக்கிறாள், அடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு கலீலுல்லா வெளியே வந்தான். அவள் அடிக்கவில்லை. சந்து மூலைக்கு அழைத்துப் போனாள்.

"அந்த ஆபீசர்கிட்ட இன்னா சொன்ன? நீ சொன்ன மாரியே சொல்லு."

சொன்னான். விடியறதுக்குள் உயிர் போய்விட்டது என்ற இடத்தில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உசுரு போனப்பறம்தான் கெளம்பினீங்கன்னு சொன்னியா?"

"ஆமா அத்தே. தப்புதான். எனக்கு வாய் வரல."

கெங்கம்மா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். பத்து வருஷமாக மாசி மாதத்தில்கூட அழாதவள், சத்தமில்லாமல் அழுதாள். கலீலுல்லாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அவள் பேசியபோது குரல் தெளிந்திருந்தது.

"எம்மவன் ராத்திரி வூட்டுக்கு வரல. காசிமேட்டாண்ட கல்லு மேல ஒக்காந்துகினு கீறானாம். போய் அதையே சொல்லு. அப்படியே சொல்லு."

"அத்தே, நெஜம் அது இல்லியே."

"நெஜம் எனக்குத் தெரியும் நைனா. நா சொன்னா உசுரோட வுட்டுட்டு வந்தேன்னு சொல்லணும். நீ சொல்ற கதையில நா வுட்டுட்டு வரல. போ."

வரதன் கல்மேட்டில் உட்கார்ந்திருந்தான். கட்டுமரங்கள் கரையேறி, மீன் ஏலம் போட்டு, கரை காலியாகிவிட்டிருந்தது. கலீலுல்லா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வரதன் விரட்டவில்லை. "சொல்லு" என்றான், அவ்வளவுதான்.

கலீலுல்லா சொன்னான். அதிகாரியிடம் சொன்னது ஐந்து நிமிஷம், இது ஒரு மணி நேரம் பிடித்தது. மாசி மாதக் கதையை முதலிலிருந்து, இந்த முறை உரியவர்களின் பெயரிலேயே சொன்னான். புரோமில் ரயில் நின்றுபோனது, வேலப்பன் மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டது, காய்ச்சலில் அனத்தும் பிள்ளைக்குத் தன் பங்குத் தண்ணீரையும் கொடுத்துவிட்டு இலையை மென்றுகொண்டு நடந்தது. வரதன் தன் சொந்த வாழ்க்கையை முதல் தடவையாகக் கேட்டான். இடையில் ஒரு தரம், "என்னத் தூக்கினு எத்தினி நாளு?" என்று கேட்டான். பதினோரு நாள் என்றான் கலீலுல்லா. வரதன் தலையாட்டினான்.

மூங்கில் புதர் வந்தது. "விடியறதுக்குள்ள உசுரு போயிடுச்சுடா. மூஞ்சில வலியே இல்லியாம், தூங்கற மாரி இருந்துதாம். அப்பறம்தான் உங்கம்மா உன்னத் தூக்கினு கெளம்பினாங்க."

"டப்பால தண்ணி வெச்சிட்டு?"

"வெச்சிட்டு."

வரதன் அவன் பக்கம் திரும்பினான். "செத்தவருக்கு இன்னாத்துக்குடா தண்ணி?"

அதிகாரியின் அத்தனை கேள்விக்கும் தட்டாமல் பதில் சொன்ன கலீலுல்லா கடலைப் பார்த்தான், மணலைப் பார்த்தான்.

"அது... பர்மாவுல அப்படி ஒரு வழக்கம்டா. வழியில போய்ட்டவங்களுக்குத் தண்ணி வெச்சிட்டுத்தான் வருவாங்க" என்றான். இந்தப் பொய்யால் அவனுக்குக் காலணா லாபம் இல்லை. ஆனாலும் இதை நம்பிவிட வேண்டுமே என்று அவன் அல்லாவை வேண்டிக்கொண்டான். சலுகைக்காகக்கூட அப்படி வேண்டியதில்லை.

வரதன் எழுந்து, வேஷ்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டான்.

"நா நம்பிட்டேன்னு எங்கம்மாகிட்ட சொல்லிடு" என்றான்.